லீவு முடியுமுன் போனவன்

"புடவையில மடிப்பே நேரா விழலை. உனக்கென்ன, போனது என் புள்ளைதானே..."

விடிந்தும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் இஸ்திரிப் பெட்டியை மறுபடியும் சூடாக்கினாள். போரில் உயிர்விட்ட வீரர்களுக்கு நாடே அஞ்சலி செலுத்தும் நாள் வந்தாலே அந்த வீட்டில் இதே கூத்துதான். மாமியார் மைதானத்துக்குப் போய் மகனுக்கு மலர்வளையம் வைப்பாள். அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள்.

காரணம் ஊரறிந்தது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மகன், லீவு முடியுமுன்னே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவன் போய்ச் சேர்ந்த ஒரே வாரத்தில் எல்லைச் சாவடியில் குண்டு விழுந்து செத்துப்போனான். இவள்தான் சண்டை போட்டு விரட்டிவிட்டாள் என்று மாமியார் முடிவு கட்டினாள். சொந்தக்காரர்களும் ஒத்து ஊதினார்கள். அந்தப் பழியையும் சுமந்துகொண்டு, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து, அதே மாமியாருக்கு ராத்திரி கால் பிடித்துவிட்டு, வருஷங்களை ஓட்டிவிட்டாள். இப்போதெல்லாம் அழக்கூட அலுப்பாக இருந்தது.

இந்த வருஷம் கொழுந்தனுக்கு வெளியூரில் வேலை. முட்டிவலிக்காரியைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேறு ஆளில்லை.

"வா. ஆனா அங்க வந்து என் பக்கத்துல நிக்காதே."

"சரி அத்தை."

மைதானத்தில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்தபோது, ஒரு படைவீரன் மனைவியோடும் மகளோடும் வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, உங்க பையன்கூட ஒரே சாவடியில இருந்தவன் நான். இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் இந்தப் பக்கம் மாத்தலாகி வந்தேன். இவளுக்குப் பிரசவம் சிக்கலாயிடுச்சுன்னு அன்னிக்கு உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன். 'உன் டியூட்டியை நான் பார்க்கறேன், நீ கிளம்புடா'ன்னு அவன் லீவை விட்டுட்டு ஓடி வந்தான். அம்மாவே அனுப்பி வச்சாங்கன்னு சொன்னான். உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்..."

மாமியார் அந்தச் சிறுமியையே வெறித்துப் பார்த்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லலை? ஒரு வார்த்தை..."

"சொல்லாதேன்னு சொல்லிட்டுப் போனார் அத்தை. 'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மா அந்தக் குடும்பத்தையே சபிச்சிடும்'னு..." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பத்தான் பிறந்த குழந்தை, பாவம். திட்டெல்லாம் நானே வாங்கிக்கிட்டேன். பழகிப்போச்சு."

"சபிச்சிருப்பேன்டி. வயிறெரிஞ்சு சபிச்சிருப்பேன். அத்தனையையும் உன் தலையில கொட்டியிருக்கேனே... நான் மனுஷியா?"

ஒலிபெருக்கி மகனின் பெயரைச் சொல்லித் தாயாரை அழைத்தது. மாமியார் எழுந்திருக்கவில்லை. மலர்வளையத்தோடு வந்த அதிகாரி குனிந்தார்.

"அம்மா, உங்களைத்தான் கூப்பிடறாங்க."

"அம்மா வரலைன்னு சொல்லுங்க. அவன் பொண்டாட்டி வர்றாள்னு சொல்லுங்க."

மருமகள் தயங்கினாள். மாமியார் அவள் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். "போ தாயி. உன் புருஷன்."

மலர்வளையத்தை வைத்துவிட்டு அவளால் நிமிர முடியவில்லை. நினைவுக்கல்லைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, புருஷனுக்காக வாய்விட்டு அழுதாள். கூட்டம் அசையாமல் நின்றது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி மட்டும் தட்டுத்தடுமாறி நடந்து வந்து, அவளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.