மலையேறிய விளக்கு

வனத்துறையில் இப்போது யாரும் கடிதம் எழுதுவதில்லை. குறையை வாயால் சொன்னால் போதும், ஏவலி என்ற செயற்கை அறிவு அதைக் கேட்டுத் தானே ஆணை போட்டு, தானே ஆளில்லாப் பறப்பானை அனுப்பி வேலையை முடித்துவிடும். அதற்குத் தெரியாத தமிழே இல்லை என்று துறையில் பெருமையடித்துக்கொள்வார்கள். ஆகவே, வால்பாறைக்கு மேலே இருந்த மலை முகாமில், கீழே அலுவலகத்தில் விட்டுவந்த தன் பழைய மயக்க ஊசித் துப்பாக்கியைப் பறப்பான் ஒன்று இறக்கிவைத்துவிட்டுப் போனதைப் பார்த்தபோது, கால்நடை மருத்துவர் அங்கயற்கண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இதைக் கோயமுத்தூருக்கு சர்வீசுக்கு அனுப்பச் சொன்னேன். இங்க எதுக்கு வந்துச்சு?"

தடம் பார்க்கும் மாதன் சிரித்தார். "நீங்க என்ன சொன்னீங்களோ, டாக்டரம்மா."

அந்தத் துப்பாக்கியின் குறிக்கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. அரிசி அளவு கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த வாயு தானாக ஒளிரும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஒளி பாதியாகும். அவள் வேலையில் சேர்ந்தபோது புதிதாகக் கைக்கு வந்த துப்பாக்கி. அதற்கு இப்போது இருபத்து நான்கு வருடம், ஆக மிச்சம் கால்வாசி. குழலை இப்போது யாரும் செய்வதில்லை. சர்வீசுக்கு அனுப்பினால் அதைப் பிடுங்கிவிட்டு, தானே குறிபார்க்கும் தானோக்கியைப் பொருத்திவிடுவார்கள். ஒரு வருடம் யோசித்து, போன வாரம்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏவலியிடம் சொன்னாள்.

தானோக்கி லேசுப்பட்டதல்ல. யானையை அடையாளம் கண்டு, எடையைக் கணித்து, மருந்தளவைச் சொல்லி, விசையையும் அதுவே இழுத்துக்கொள்ளும். முகாமில் இருந்த மூன்று துப்பாக்கிகளிலும் அதுதான். ஆனால் மூன்று நாளாக ஒரு பெண் யானையிடம் அதன் ஜம்பம் சாயவில்லை. யானையின் பின்னங்காலில் கம்பிக் கண்ணி எலும்புவரை இறங்கியிருந்தது. கூடவே பால்குடி மறக்காத குட்டி. மயக்கிப் படுக்கவைத்துக் கம்பியை வெட்டாவிட்டால் தாய் பிழைக்காது. தாய் போனால் குட்டியும் போய்விடும். நான்கு முறை குறிவைத்தார்கள். நான்கு முறையும் ஊசி புறப்படுவதற்குள் யானை நொண்டிக்கொண்டே புதருக்குள் மறைந்தது.

"அந்தக் கருவியப் போட்டதும் முன்னங்கால லேசா தூக்கி, நுனிய மட்டும் மண்ணுல வைக்குதும்மா," என்றார் மாதன். "அது எதையோ கேக்குது."

அங்கயற்கண்ணி தானோக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே சூட்டைத் தணிக்கும் சிறு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மனிதக் காதுக்கு எட்டாத அடித்தொண்டை முனகல். யானைக்கு அது ஊர் கூட்டித் தண்டோரா போடுவது மாதிரி. இத்தனை அறிவாளிகள் சேர்ந்து செய்த கருவிக்கு, சும்மா இருக்க மட்டும் தெரியவில்லை.

பழைய துப்பாக்கியை எடுத்தாள்.

மாலை நான்கு மணி. மழை மூட்டத்தில் காடு இருண்டிருந்தது. யானையின் சாம்பல் உடம்பின்மேல் கண்ணாடியிலிருந்த கறுப்புக் குறிக்கோடு கரைந்துபோயிற்று. அவள் மூச்சை அடக்கி, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தாள். மெல்ல, ஊதுபத்தி நுனியைப் போல அந்தப் புள்ளி தெரிந்தது. கால்வாசி ஒளிதான், ஆனால் போதும். யானை காலைத் தூக்கவில்லை. விசையை இழுத்தாள். ஊசி தொடையில் தைத்தது.

கம்பியை வெட்டி, புண்ணைக் கழுவி, மாற்று மருந்து போட்டு ஒதுங்கினார்கள். யானை தள்ளாடி எழுந்தது. குட்டி முட்டிமோதிப் பால் குடித்தது. அங்கயற்கண்ணி குறிக்கண்ணாடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "நல்லா இருப்பே நீ," என்றாள் அதைப் பார்த்து.

முகாமுக்குத் திரும்பியதும் ஏவலி பேசியது. "வாழ்த்துகள். பழைய கருவி சிறப்பாகச் செயல்பட்டதால் அதை மேம்படுத்தப் பரிந்துரைக்கிறேன். தானோக்கி பொருத்த அனுப்பட்டுமா? மறுத்தால், கருவி கழிவில் சேர்க்கப்படும்."

நல்லது செய்ததற்குத் தண்டனை. அவள் பதறிப்போய், போன வாரம் தான் சொன்னதைப் போட்டுக்காட்டச் சொன்னாள். அவளுடைய குரலே பேசியது. "என் துப்பாக்கிக் கண்ணாடியில விளக்கு மலையேறப் போகுதுப்பா, சீக்கிரம் பாத்து அனுப்பு."

மாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுடைய மதுரை வீட்டில் விளக்கு 'அணைந்தது' என்று யாரும் வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். மலையேறிவிட்டது என்பார்கள். பழக்கதோஷத்தில் அப்படியே சொல்லியிருக்கிறாள். ஏவலியும் பயபக்தியோடு மலையேற்றிவிட்டது. அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் வீட்டில் விளக்கே ஏற்றுவதில்லை போலும். அவன் குலம் தழைக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள்.

"அனுப்பட்டுமா?" என்றது ஏவலி.

"வேண்டாம்ப்பா. மலையேறட்டும்."

"நன்றி. மலையேற்ற ஆணை இருப்பதால் கழிவில் சேர்க்கவில்லை. இனி அது மலை முகாமிலேயே இருக்கும். இச்சொல்லை என் அகராதியில் சேர்க்க விரும்புகிறேன். விளக்கு மலையேறுவது என்றால் என்ன பொருள்?"

உண்மையைச் சொன்னால் அதற்குப் புரிந்துவிடும். புரிந்தால் விளக்கைப் பிடுங்கிவிடும்.

"மேல போறதுன்னு அர்த்தம்," என்றாள்.

"கற்றுக்கொண்டேன். எல்லாத் துறைகளுக்கும் தெரிவிக்கிறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முகாம் வாசலில் பதினேழு தெருவிளக்குகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஊர்க்காரர் சொன்ன புகார் ஒட்டியிருந்தது: 'எங்க தெருவிளக்கு மலையேறிடுச்சு.'

"டாக்டரம்மா," என்று வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டார் மாதன், "இன்னும் ஒண்ணு வருது!"