பன்னிரண்டாவது தலை

பன்னிரண்டாவது மாலுமியின் பக்கத்தில் பொன்செல்வி நேற்று ஐந்து வரிகள்தான் எழுதியிருந்தாள். இன்று ஆறு இருந்தன.

ஆடிச் சாரல் காலையிலிருந்தே விடவில்லை. மேலகரத்தில் அவள் வீட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே குற்றால மலை பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. மீதியையும் மேகம் மெல்ல மெல்ல இழுத்து மூடிக்கொண்டிருந்தது. மணி நாலரை. கூடத்தில் டிவி ஓடியது. பள்ளியிலிருந்து நனைந்து வந்த மகள் கிருபா, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இவளுக்கு முதுகு காட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று, இரண்டு என்று பொன்செல்வி மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். தன்னையும் சேர்த்துத்தான். இப்படி மணிக்கு நாலு தடவை வீட்டில் இருக்கும் தலைகளை எண்ணுவாள். செங்கோட்டை ஸ்டேஷனில் வேலை பார்க்கும் அவள் கணவர் இதைக் கேலி செய்து செய்து அலுத்தேபோய்விட்டார். ஒரே ஒரு பிள்ளை, அதை எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்றுதானே என்பார்.

அவள் மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள். கடையநல்லூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹஸீபாவும், செங்கோட்டை பென்னியும், இவளும் கல்லூரிக் கூட்டாளிகள். மூவரும் ஒரே ஃபைலில் மாற்றி மாற்றி எழுதும் மாயக்கதை அது. மலையில் இறங்கும் மேகத்தின்மேல் மிதக்கும் ஒரு கப்பல். கடலை ஒழுங்காகப் பார்த்திராத மூன்று பேர் கப்பல் விடக் கிளம்பினால் அது மேகத்தில்தான் போகும்.

கதை தொடங்க ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், வயது, வேலை, உடம்பில் ஓர் அடையாளம், கரையில் விட்டு வந்தது. ஹஸீபா, காற்றை மடித்துப் பெட்டியில் அடுக்கும் பாய்மரக்காரியை ஏற்றினாள். பென்னி, மழையை மோந்து பார்த்துத் திசை சொல்லும் ஒற்றைக்கண் கிழவனை ஏற்றினான். கப்பலுக்குச் சட்டம் போட்டவனும் அவன்தான். பன்னிரண்டு பேர் இருந்தால்தான் நங்கூரம் எழும்பும். ஒருவர் இறங்கினால் கரையிலிருந்து ஒருவர் ஏறியாக வேண்டும். மூவரும் தங்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தெரிந்தவர்களை எழுதக் கூடாது.

அதைத்தான் நேற்று அவள் மீறினாள். எபனேசர். வயது இருபது. வேலை: தலை எண்ணுவது. அடையாளம்: புருவத்தில் வெட்டுத் தழும்பு. கரையில் விட்டு வந்தது: ஒரு தங்கச்சி.

எபனேசர் அவளுடைய அண்ணன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே சாரலில், குடும்பத்தில் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து அருவிக்குப் போனார்கள். சீசனுக்கு வரும் எந்த வேனும் தலை எண்ணாமல் கிளம்பாது. அன்று எண்ணியவள் பதினைந்து வயது பொன்செல்வி. மழை இருட்டு. ஈரத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஆளாளுக்கு ஒடுங்கிக் கிடந்தார்கள். அவள் முன்சீட்டில் முழங்காலூன்றித் திரும்பி, வேகவேகமாக எண்ணினாள். பன்னிரண்டு. "சரியா இருக்கு. வண்டிய எடுக்கச் சொல்லு" என்று மாமாவிடம் கத்தினாள்.

இலஞ்சி தாண்டித்தான் தெரிந்தது, அண்ணன் இல்லையென்று. மறந்துவிட்ட சோப்புப் பெட்டியை எடுக்க அவன் அருவிக்குத் திரும்பியிருக்கிறான். வேன் போய் வந்த இடைவெளியில் காட்டுவெள்ளம் இறங்கிவிட்டது. அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

எண்ணும்போது அண்ணன் இருந்தான், பிறகு இறங்கியிருப்பான் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். கடைசி சீட்டில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த தலை எதுவென்று பிறகு அவள் மட்டும்தான் பார்த்தாள். மாமா வாங்கிய பலாப்பழம். சீட்டில் பிசின் ஒட்டாதிருக்கத் துண்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். இதை அவள் எவரிடமும், கணவரிடமும்கூட, சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவள் இருந்த எந்த வீட்டுக்குள்ளும் பலாப்பழம் வந்ததில்லை.

ஆறாவது வரி இப்படி இருந்தது: 'என் இடத்தில் இருந்தது: பலாப்பழம்.'

அவள் ஹஸீபாவுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, பன்னெண்டாவது ஆளுக்கு நீ ஏதும் எழுதினியா?"

"நான் காலைலருந்து கடையில நிக்கேன். ஃபைலத் தொறக்கவே இல்ல."

"அப்போ பென்னியா?"

"அவன் கொல்லம் ரயில்ல போய்க்கிட்டு இருக்கான். மலைக்குள்ள சிக்னல் எங்க கெடைக்கும்? ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அந்த ஆள அழிச்சிரட்டுமா?"

"ஒரு தல கொறையுமேட்டி. சரி, அழி. நாளைக்கு வேற ஆள ஏத்திக்கிடலாம்."

போனை வைத்த பிறகுதான் அந்த வாசம் வந்தது. முதலில் லேசாக, அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல. பிறகு நனைந்த துணியின் முடைநாற்றமும், பாசி பிடித்த பாறையின் வாடையும் கலந்து, பழுத்து வெடித்த வரிக்கைப் பலாச் சுளையின் தித்திப்பு, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குக் கனமாக. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"கிருபா, தல தொவட்டுனியா?"

"தொவட்டிட்டேம்மா."

ஒன்று, இரண்டு. சோபாவுக்கு மேலே துண்டு சுற்றிய தலை தெரிந்தது. பொன்செல்வி அண்ணனின் பக்கத்தை முழுதாகத் தேர்ந்தெடுத்தாள். மன்னிச்சிருண்ணே என்று முணுமுணுத்தாள். அழித்தாள்.

பக்கம் வெள்ளையானது. வாசமும் நின்றது. ஜன்னல் கம்பியில் சாரல் சொட்டுவது மட்டும் கேட்டது. அவள் மூச்சை விட்டாள். எழுந்து, இரண்டு டம்ளர் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்து, தீயைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளைப் பக்கத்தில் எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. நிதானமாக.

'பெயர்: கிருபா. வயது: ஒன்பது.'

அவள் அழித்தாள். மறுபடி விழுந்தன.

'அடையாளம்: இடது முழங்காலில் சைக்கிள் தழும்பு.'

லேப்டாப்பை அறைந்து மூடினாள். ஒருவர் இறங்கினால் கரையிலிருந்து ஒருவர். இறக்கியது யார்? அவள்தான். அவளேதான் இறக்கினாள்.

"கிருபா."

டிவி ஓடியது. சத்தம் இல்லை.

"ஏட்டி, கிருபா. அம்மாவப் பாரு."

துண்டு சுற்றிய தலை அசையவில்லை. மேகம் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. கூடத்தின் மூலைகள் தெரியவில்லை. வாசம் திரும்பி வந்தது. முன்னைவிடக் கனமாக.

ஆறடி தூரம்தான். நடந்தாள். தரை ஈரம். சோபாவுக்குக் கீழே கிருபாவின் ஷூக்கள். ஜோடியாக. பக்கத்தில் நனைந்த சாக்ஸ்.

கையைத் துண்டின்மேல் வைத்தாள்.

முள்.

துணிக்கு அடியில், உள்ளங்கை முழுக்க, மொட்டை மொட்டையான முள்.

இழுத்தாள். துண்டு விழுந்தது. காம்பில் பள்ளி ரிப்பன் கட்டியிருந்தது. இன்று காலையில் அவள் கையால் போட்ட அதே முடிச்சு.

வெளியே மேகத்துக்குள் யாரோ எண்ணினார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு குரலில். கிழவன் குரல் ஒன்று. பெண் குரல் ஒன்று. பத்து. பதினொண்ணு.

"பன்னெண்டு" என்றாள் கிருபா. வெகு உயரத்திலிருந்து.

பொன்செல்வி கத்த வாயைத் திறந்தாள். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

திரும்பினாள்.

இருபது வயது. புருவத்தில் தழும்பு. கால்விரல்களில் பாசி. மடியில் சோப்புப் பெட்டியை இரு கையாலும் பத்திரமாகப் பிடித்திருந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். ஒரு விரலால் அவளைக் காட்டினான். பிறகு தன்னை.

"ஒண்ணு. ரெண்டு" என்றான். "சரியா இருக்கு செல்வி. வண்டிய எடுக்கச் சொல்லு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஜன்னலுக்கு வெளியே, மேகம் மலையை விட்டு நகர ஆரம்பித்தது.