நன்றாக நிற்கும் வண்டி

மூன்றாவது தடவை வண்டி கல்லைத் தாண்டிப் போய் நின்றது. கொஞ்சநஞ்சமல்ல, ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற தூரம். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே ஜெஸ்பின் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். முதல் தடவை நின்ற இடத்துக்கு அடையாளமாக அவனே ரோட்டோரம் வைத்த வெள்ளைக்கல் அங்கே சும்மா கிடந்தது. அதே ரோடு, அதே எண்பது வேகம், மிதித்ததும் அதே மின்கம்பத்துக்கு நேராகத்தான். இது என்ன கூத்து என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஒரு மோட்டார் பத்திரிகைக்கு வண்டி விமர்சனம் எழுதுகிறவன் அவன். மற்றவர்கள் சீட்டுத் துணியையும் பாட்டுப் பெட்டியையும் பற்றிப் பக்கம் பக்கமாக அளப்பார்கள். ஜெஸ்பின் முதலில் பார்ப்பது பிரேக்கை. ஏப்ரலில் திற்பரப்பு இறக்கத்தில் அவனுடைய பழைய கார் பிரேக் பிடிக்காமல் வழுக்கியதிலிருந்து அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. அன்று பின்சீட்டில் இருந்த மகள் அபினாவின் நெற்றி முன்சீட்டில் இடித்துக் கிழிந்தது. ஆறு வயதுப் பிள்ளை. தையல் போட்டபோது அவள் அழவில்லை, அவன்தான் அழுதான். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் அவள் முடியை அதன்மேல் இழுத்துவிடுவான்.

இந்த வண்டி நன்றாக இருந்தால் நாளைக்கே பணம் கட்டிவிடலாம் என்று மனைவி சிந்தியாவிடம் சொல்லியிருந்தான். பழைய மாடலை அடியோடு மாற்றிப் புதிதாக இறக்கியிருக்கிறார்கள். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சாயங்காலம் திருப்பித் தருவதாகச் சொல்லி ஷோரூமில் வாங்கிக்கொண்டு குலசேகரத்தைத் தாண்டி இந்த ரப்பர் தோட்ட ரோட்டுக்கு வந்திருந்தான். நேரான ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது. இருபுறமும் பச்சையாக இருண்டு கிடந்த தோட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் நீலச் சாயம் அடித்த ஒரு குருசடி, ரோட்டோரச் சிலுவைக் கோயில். முதல் தடவை மின்கம்பத்தில் மிதித்தபோது வண்டி குருசடிக்கு நேராக, ஆணி அடித்த மாதிரி நின்றது. பிரமாதம் என்று வாய்விட்டே சொன்னான். கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கிப் போய்த்தான் கல்லை வைத்தான்.

இடையில் ஒரு பஸ் வந்தது. குருசடிப் பக்கம் வந்ததும் ஊர்ந்து, ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. பின்னால் வந்த ஜீப்பும் அப்படியே. கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தான். அவன் சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம், கத்தோலிக்கரின் குருசடி வழக்கமெல்லாம் அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. மெதுவாகப் போன அந்த வண்டிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை என்பதை அவன் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது இழுவை மந்தமாக இருந்தது, நின்றதும் கல்லைக் கொஞ்சம் தாண்டித்தான். மூன்றாவது கியரில் சும்மா பறந்த வண்டி மூச்சு வாங்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் உள்ளே ஒரு வாடை. தோட்டத்தில் காயும் ரப்பர் ஒட்டுப்பாலின் நாற்றம் என்று முதலில் நினைத்தான். அது இல்லை. மழையில் நனைந்த யூனிபார்ம் துணியும், மூடிவைத்த சோற்றுப் பாத்திரமும், பிள்ளைகள் தலையில் தேய்க்கிற எண்ணெயும் கலந்த வாடை. பள்ளிக்கூடம் விட்டு வரும் அபினாவின் பையைத் திறந்தால் வருமே, அது. இதுவரை ஒரு பிள்ளையும் ஏறாத வண்டியில் அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

இப்போது மூன்றாவது தடவையும் கல்லைத் தாண்டியாகிவிட்டது. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து பார்த்தான். காலி. டயர்களை அமுக்கிப் பார்த்தான், காற்று சரியாக இருந்தது. ஆனால் காலையில் பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அவன் கை முழுசாக நுழைந்தது. இப்போது ஒரு விரல்தான் நுழைந்தது. கடைசி வரிசைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது.

போய்விடலாம் என்று மனசு சொன்னது. ஆனால் அபினாவை ஏற்றப்போகிற வண்டி. சந்தேகத்தோடு விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை. இன்னும் ஒரே தடவை என்று திருப்பினான். ரேடியோவைப் போட்டான், அணைத்தான். ஜன்னலை இறக்கினான், ரப்பர் மரங்களுக்குள் சோவென்று மழை கிளம்பி வரும் சத்தம் கேட்டதும் ஏற்றினான். வேகம் ஐம்பது. அறுபது. எண்பதைத் தொட வெகுநேரம் பிடித்தது. மின்கம்பம். மிதித்தான்.

அவன் முதுகில் ஏதோ இடித்தது.

சீட்டுக்குப் பின்னாலிருந்து. ஒன்று. பக்கத்துச் சீட்டின் முதுகில் இன்னொன்று. அதற்கும் பின்னால் வரிசையாக, மெத்து மெத்தென்று. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். திற்பரப்பு இறக்கத்தில் கேட்ட சத்தம். நெற்றி இடிக்கிற சத்தம்.

வண்டி நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். காலி சீட்டுகள். சீட்டின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் உறை மட்டும் அங்கங்கே குழிந்து கிடந்தது.

ரோட்டு முக்குக்கு வந்து ஒரு சாயாக்கடை முன்னால் நிறுத்தினான். கடைக்காரி நேசபாய் சாயாவை ஆற்றிக்கொண்டே, அந்த ரோட்டில் அத்தனை நேரமாக என்ன செய்தீர்கள் என்று விசாரித்தாள். பிரேக் சோதித்ததாகச் சொன்னான். எங்கே என்று கேட்டாள். குருசடிக்கிட்டே என்றான். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“அங்க ஒருத்தரும் வண்டிய நிறுத்த மாட்டாவ மக்களே. மெதுவாப் போயி ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போயிருவாவ. பள்ளிக்கூடம் விட்டு பிள்ளியள அடைச்சிட்டு வந்த ஜீப்பு அந்த எடத்துல கவுந்து போச்சு, ஒரு பிள்ளயும் மிஞ்சல. அந்த ஜீப்புக்கு பிரேக்கு கெடையாது பாத்துக்கிடுங்க. நல்லா நிக்கிற வண்டியக் கண்டா அந்தப் பிள்ளிய எல்லாம் ஏறிரும்.”

அவள் அவனைத் தாண்டி வண்டியையே பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எத்தன தடவ நிறுத்தினிய?”

சாயாவைக் குடிக்காமல் கிளம்பினான். ஷோரூமில் கொண்டுபோய்ச் சாவியை எறிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். காசும் வேண்டாம், காரும் வேண்டாம். ஆனால் பிரேக்கைத் தொட அவனுக்குப் பயமாக இருந்தது. குறுக்கே ஆடு வந்தபோது மெல்ல மிதித்தான். பின்னால் மெத்தென்று இடித்தது. பஸ் நின்றபோது மிதித்தான். இடித்தது. நாலு பக்கமும் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். நாகர்கோவில் வந்து சேர்ந்தபோது ஷோரூம் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டியிருந்தது. வேறு வழி தெரியாமல் வீட்டுக்கு ஓட்டினான். ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போனால் போதும் என்றிருந்தது.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. சிந்தியா கேட்டருகே நின்றாள். அபினா மஞ்சள் கவுனும் செருப்புமாகத் தயாராகக் காத்திருந்தாள். புது வண்டியில் ஒரு சுற்றுக் கூட்டிப்போவதாகக் காலையில் வாக்குக் கொடுத்திருந்தான், பாவி, மறந்தே போயிருந்தான். சாவியை உருவிக்கொண்டு பாய்ந்து இறங்கினான். வண்டி வேண்டாம், கிட்டே வராதீர்கள், அப்புறம் சொல்கிறேன் என்றான். பிரேக் சரியில்லையா என்று சிந்தியா கேட்டாள். அவளைக் கேட்டுக்குள் போகச் சொல்லி அவன் கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஏட்டி, அப்பா சொல்லுகது கேக்கலியா?” என்றாள் சிந்தியா.

அபினா திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். முகம் வாடியிருந்தது.

“அப்பா, எடமில்ல.”

அவன் ஓடினான். அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு சிரித்தாள்.

“செரி. மடியில இருக்கச் சொல்லுகாவ.”

ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. அவன் கைப்பிடியை இழுத்தான். சாவியை அமுக்கினான். மறுபடி இழுத்தான். சிந்தியா பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படியத் தொடங்கியது. அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

அபினா சீட்டில் உட்காரவில்லை. சீட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கவுன் இடுப்பைச் சுற்றி இரண்டு பக்கமிருந்தும் உள்ளே அழுந்தியிருந்தது. அவள் நெற்றித் தழும்பின் மேல் விழுந்து கிடந்த முடி தானாக விலகி, காதுக்குப் பின்னால் மெல்ல ஒதுங்கியது.