நானூற்று முப்பது

ஏழாவது டார்ச் போர்டும் நானூற்று முப்பது மில்லி ஆம்பியரையே காட்டியது. எழுநூறு இருக்க வேண்டும். குறைவது புதிதல்ல, ஆனால் ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு அளவில் குறையும். ஏழும் ஒரே எண்ணில் வந்து நின்றதுதான் ஃபெபாவுக்குச் சரியாகப் படவில்லை.

ஓசூரில் டார்ச்லைட் செய்யும் சிறு கம்பெனி. காலை பதினொன்றரை. பற்றவைப்புப் புகை மேசைமேல் மெல்லப் படர்ந்துகொண்டிருக்க, சுவருக்கு அப்பால் கம்பரசர் விட்டுவிட்டு மூச்சிரைத்தது. அவளிடம் வேலை பழகி, இப்போது சூப்பர்வைசராகிவிட்ட மணிகண்டன் எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, இன்னும் கையெழுத்துப் போடலயா? லாரிக்காரன் ஆரன் அடிச்சே காத அடைச்சிட்டான்.”

“கரண்ட் கம்மியா காட்டுதுடா.”

“மீட்டர் ஒயர் தின்னிருக்கும். நீங்க சொல்லிக்குடுத்ததுதான? இப்ப நான் உங்களுக்குப் பாடம் எடுக்கணுமா!” சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவள் சொன்னதுதான். மீட்டரின் நீள ஒயர் கொஞ்சம் மின்சாரத்தைத் தடுக்கும். அளவு குறைந்து தெரியும். ஜனவரியில் வந்த போர்டுகளும் நானூற்று முப்பதுதான் காட்டின. ஒயரை மாற்றிப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டாள். அவற்றைப் பொருத்திய ஒரு டார்ச்சைத்தான் கணவன் எட்சன் பாகலூர் ரோட்டில் வேலை முடிந்து நடந்து வரும்போது கையில் வைத்திருந்தான். டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்ததாம். அவன்மேல் லாரியை ஏற்றிக் கொன்றவன், வெளிச்சமே தெரியவில்லை என்றான். அதன்பின் அவள் அழவில்லை. சமைத்தாள், துவைத்தாள், ஷிஃப்டுக்கு வந்தாள்.

இந்தமுறை பார்க்காமல் விடுவதில்லை.

கட்டையான தடித்த ஒயரைப் போட்டாள். நானூற்று முப்பது. புதுச் செல். அதே எண். ஸ்பிரிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள், மின்னோட்டத்தை அளவாக விடும் சின்ன ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வேறு வைத்தாள். அதே எண்.

மிச்சமிருந்தது ஒரே சோதனை, வெளிச்சத்தையே பார்ப்பது. அந்த போர்டு போட்ட டார்ச்சை மீட்டரோடு எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளைச் சுவரில் வெளிறிய வட்டம் விழுந்தது. கதவைத் தாண்டியும் எப்போதும் கேட்கும் கம்பரசர் சத்தம் கேட்கவில்லை; பற்றவைப்பு வாடையும் போய், நனைந்த தாரும் டீசலும் கலந்த வாடை காலடியிலிருந்து கிளம்பி, மூக்கில் ஏறி, தொண்டையில் கசந்தது.

மீட்டரைப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து.

எண் இறங்கினால் வெளிச்சமும் மங்க வேண்டும். சுவரில் கூடியது.

இருநூறு. கண் கூசியது.

தொண்ணூறு. வட்டம் இரண்டாகப் பிரிந்தது. பக்கத்துப் பக்கத்தில். ஒரே உயரத்தில்.

பூஜ்யம்.

செல்லை உருவிப் போட்டாள். தரையில் உருண்டது. கையில் டார்ச் செத்துக் கிடந்தது. சுவரில் இரண்டும் எரிந்தன. பெரிதாகின.

கைப்பிடியைத் தேடித் திரும்பினாள். கதவின்மேல் அவள் நிழல். அதை ஒட்டி இன்னொரு நிழல். எட்சனின் உயரம். தூக்கிய கையில் டார்ச். ஆட்டிக்கொண்டிருந்தது. இப்படியும் அப்படியும். விடாமல்.

பின்னால் லாரி ஆரன் அடித்தது. அறைக்குள்.

ஃபெபா செல் இல்லாத டார்ச்சை உயர்த்தினாள். அவளும் ஆட்டினாள். கதவில் நிழல்கள் இரண்டும் வளர்ந்துகொண்டே வந்தன.