மூன்று பத்தி நேரம்

"அவ கையால மருந்து குடிக்கிறதுக்கு, என் முட்டி மடங்காமலே போகட்டும்!"

விடிந்ததும் விடியாததுமாக ஹுய்ஃபென் கட்டிலிலிருந்து கத்தினாள். அவள் மூத்த மருமகள். மருந்துப் பொட்டலத்தோடு வாசலில் நின்ற பெய்ஜு இளையவள்.

கேளுங்கள் கண்ணுகளா, பெய்ஜு பட்ட பாட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியாருக்கு வச்சநாபி வேர்க் கஷாயம். அந்த வேரை மட்டும் முதலில் தனியாக நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும், இல்லாவிட்டால் விஷம். அடுப்பை ஹுய்ஃபெனிடம் ஒப்படைத்து, விவரமும் சொல்லிவிட்டுத்தான் ஆற்றுக்குப் போனாள் பெய்ஜு. வந்து பார்த்தால் மாமியார் நாக்கு மரத்துத் தரையில் கிடக்கிறாள்! "எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலையே!" என்று ஹுய்ஃபென் சத்தியம் செய்தாள். விஷம் வைத்தவள் என்று பெயர் வாங்கியவள் பெய்ஜு. அவளுடைய ஒரு வயசுப் பெண் மெய்ச்சனையும் பிடுங்கி ஹுய்ஃபென் மடியில் போட்டார்கள்.

இன்று அதே வேர், ஹுய்ஃபெனின் முட்டிக்கு.

"வேற யாரு இருக்கா? அவளே காய்ச்சட்டும்" என்றாள் மாமியார்.

பெய்ஜு கட்டிலோரம் ஒரு ஊதுபத்தியை ஏற்றினாள். "இது அணையறதுக்குள்ள வந்துடறேன் அக்கா."

சொன்னபடியே கிண்ணத்தோடு வந்தாள். "குடிங்க."

ஹுய்ஃபெனின் முகம் வெளுத்தது. "அத்தை! இவ என்னைக் கொல்லப் பாக்குறா! ஒரு பத்திகூட முழுசா எரியல... வேரை மட்டும் மூணு பத்தி நேரம் கொதிக்கவிடணும்னு அன்னைக்கு நீதானேடி எங்கிட்ட சொல்லிட்டுப் போன!"

மாமியார் சட்டென்று ஹுய்ஃபென் பக்கம் திரும்பினாள்.

"சொன்னேனா அக்கா? இன்னொரு தடவை சொல்லுங்க... அத்தை காதுல விழட்டும்."

பெய்ஜு கிண்ணத்தைத் தூக்கிப் பாதியைத் தானே குடித்தாள். "கோழி கூவறதுக்கு முன்னாடியே வேரை அடுப்புல ஏத்திட்டேன். பொட்டலத்துல இருந்தது மத்த மூலிகைங்கதான். நான் கொலைகாரி இல்ல. இந்த வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரணும்னுதான் மூணு வருஷம் காத்திருந்தேன்!"

"படுபாவி!" மாமியார் ஹுய்ஃபென் பக்கம் கையை ஓங்கினாள். "இப்பவே பொறந்த வீட்டுக்குக் கிளம்புடி!"

"வேண்டாம் அத்தை. இங்கேயே இருக்கட்டும். தினமும் உங்க மருந்தை அவங்களே காய்ச்சட்டும். முதல் மடக்கை உங்க எதிரிலேயே அவங்க குடிக்கட்டும்."

மாமியார் விம்மியபடி மெய்ச்சனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கண்ணீர் வழிய நின்ற பெய்ஜுவைக் குழந்தை மிரண்டு பார்த்தது.

"சித்தி... ஏன் அழறீங்க?"

சித்தி! பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும், சொல்லுங்கள்! பெய்ஜு குழந்தையைத் தொடவில்லை. ஹுய்ஃபென் பக்கம் திரும்பினாள்.

"நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க அக்கா. உங்க வாயால."

ஹுய்ஃபெனுக்குத் தப்ப வழியில்லை.

"மெய்ச்சன்... அவ... அவதான்டி உன்னைப் பெத்த அம்மா..."

அப்புறம்தான் பெய்ஜு கைகளை நீட்டினாள். குழந்தை ஒருமுறை கட்டிலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மெல்ல, ஒவ்வொரு அடியாக, நடந்து வந்தது.