போன ஆட்சியின் ரத்தம்

'படார்!'

யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டதாகத்தான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்புறம் சுருக்கெழுத்துக்காரப் பெண் வீறிட்டாள்.

அவள் தாளின் மேல் சிவப்புச் சொட்டுகள்!

மேடையில் நின்றிருந்த நகரசபைத் தலைவர், மேஜை விளிம்பைப் பிடித்தபடி சரிந்தார். வலது தொடையின் மேற்புறத்தில் ஓட்டை. அதிலிருந்து ரத்தம், உடைந்த குழாய்த் தண்ணீர் மாதிரி விட்டு விட்டுப் பீய்ச்சியது.

எதிர்க்கட்சி வரிசை மேஜைக்கு அடியில் போயிற்று.

ஆளுங்கட்சி வரிசையும் மேஜைக்கு அடியில் போயிற்று.

இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஒரே முடிவை எடுத்தது, அந்தச் சபையில் அதுதான் முதல் தடவை.

அன்று பட்ஜெட் கூட்டம். நூலகம், தெருவிளக்கு, பிரசவ வார்டு, ஆம்புலன்ஸ்... எல்லாவற்றுக்கும் பணத்தை வெட்டியாகிவிட்டது. வெட்டியது யார் என்பதில்தான் காலையிலிருந்து ரகளை. வாசலில் இரண்டு கட்சித் தொண்டர்களும் கல்லும் தடியுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் மேடைக்குத் தாவினார். மண்டியிட்டுக் காயத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தினார். விரலிடுக்கில் சூடு வழிந்தது.

"கதவச் சாத்துங்க! ஒருத்தரும் வெளிய போகக் கூடாது! யோவ் சப்-இன்ஸ்பெக்டர், ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"

"போட்டுக்கிட்டே இருக்கேன் சார்..."

அதற்குள் மேடைத் திரைப் பக்கமிருந்து ஒருவன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். தலைவரின் மனைவியுடைய தம்பி. ஊரே அவனை 'மச்சினர்' என்றுதான் கூப்பிடும்.

"மாமா! பயப்படாதீங்க மாமா! பின்னாடி ஷெட்ல நீங்க விட்ட புது ஆம்புலன்ஸ் வண்டி நிக்குது... இதோ கொண்டாறேன்!"

இன்ஸ்பெக்டர் தடுப்பதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"சார்... இந்த ஊர் ஆம்புலன்ஸ நிறுத்திட்டாங்களாம். பக்கத்து ஊர்லேர்ந்துதான் வரணுமாம்."

"நம்ம ஜீப்ல தூக்கிப் போடு!"

"ஜீப் ஒரு அடி நகராது சார். வாசல்ல பஸ்ஸக் குறுக்க நிறுத்திக் கொளுத்திட்டானுங்க!"

கண்ணாடி உடைந்து ஒரு கல் உள்ளே விழுந்தது. தொடர்ந்து கரும்புகை.

"யாராச்சும் ஒரு பெல்ட்டக் குடுங்கய்யா! கட்டணும்!"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்:

"அவங்க கட்சித் தலைவர்தானே... அவங்க கழட்டட்டும்!"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெல்ட்டையே உருவினார். இறுக்கினார். நிற்கவில்லை. காயம் இடுப்போரம் இருந்தது. கட்டுக்கு அகப்படாத இடம்!

ஆளுங்கட்சிக் கொறடா மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தார். ஆள் எருமைக் கனம். 'பயில்வான்' என்று பட்டப்பெயர்.

"இது இவங்க வேலதான்! பதில் சொல்ல வக்கில்லாம சுட்டுட்டாங்க!"

எதிர்க்கட்சித் தலைவியான வக்கீலம்மாவும் எழுந்தாள்.

"வாய அளந்து பேசுங்க! இப்ப உங்க ஆளு செத்துக்கிட்டிருக்காருன்னா, ஆம்புலன்ஸ நிறுத்தின ஆட்சி எதுன்னு கேளுங்க!"

"கஜானாவத் தொடச்சு வச்சிட்டுப் போனது யாரும்மா?"

"அதுக்கு முந்தி கடன வாங்கிக் குவிச்சது யாருய்யா?"

"அதுக்கும் முந்தி?"

"அதுக்கும் முந்தி உங்க அப்பா!"

பயில்வான் தண்ணீர் ஜாடியை எடுத்து வீசினார். அது வக்கீலம்மாவைத் தாண்டிப்போய் வழுக்கைத் தலை உறுப்பினர் ஒருவரின் நெற்றியில் உடைந்தது. அவர் ரத்தமும் தண்ணீருமாக எழுந்து, கையில் கிடைத்த நாற்காலியைச் சுழற்றினார். ஒரு பல் பறந்து வந்து இன்ஸ்பெக்டரின் முழங்காலருகே விழுந்தது.

"நிறுத்துங்கய்யா!" இன்ஸ்பெக்டர் கத்தினார். "இங்க ஒரு உசிரு போய்க்கிட்டிருக்கு!"

"யாரால போகுதுன்னுதான் சார் பேசிக்கிட்டிருக்கோம்!" என்றார் பயில்வான்.

பின்கதவு திறந்தது.

மச்சினர் நின்றான். வெறுங்கையோடு.

"வண்டி... வண்டியில்ல. ஷெட் பூரா மாமாவோட கட்அவுட்டா அடுக்கி வச்சிருக்கு!"

கான்ஸ்டபிள் ஒருவர் மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கைக்குட்டையில் ஒரு கைத்துப்பாக்கி.

"திரைக்கு அந்தப் பக்கம் கிடந்துச்சு சார். இன்னும் சூடாயிருக்கு."

வாசல் பக்கம் போயிருந்த சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். அவர் கையில் பசை சொட்டும் சுவரொட்டி.

"நம்ம ஜீப் கண்ணாடியில ஒட்டியிருக்கானுங்க சார். தெரு முழுக்க இதான்."

விரித்துக் காட்டினார். தலைவரின் சிரித்த முகம். கீழே கொட்டை எழுத்தில்...

'துப்பாக்கிக் குண்டையும் தூசியென மதித்த தலைவரே!'



இன்ஸ்பெக்டர் காயத்திலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"குண்டு பாஞ்ச ரத்தம் இன்னும் என் கையில சூடா ஓடுது. இத எப்பய்யா அச்சடிச்சீங்க?"

அவர் பார்வை மச்சினர் மேல் போய் நின்றது.

"மச்சினரே! வெடிச்சதும் ஊரே மேஜைக்கடியில படுத்துச்சு. நீ மட்டும் நின்னுக்கிட்டிருந்த. திரைக்குப் பக்கத்துல. போன்ல பதில் வர்றதுக்கு முந்தியே வண்டியத் தேடி ஓடின. உண்மையச் சொல்றியா... இல்ல, நான் கைய எடுத்துட்டு எழுந்திருக்கவா?"

மச்சினர் மேடையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான் சுட்டேன்! மாமாதான் சுடச் சொன்னாரு!"

"என்னது?"

"தேர்தல் வருது சார். எதுக்கெடுத்தாலும் பணத்த வெட்டினது மாமாதான்னு ஜனங்க காறித் துப்புறாங்க. 'தொடையில உரசினாப்புல ஒண்ணு போடுடா, பழி அவங்க மேல விழட்டும், அனுதாபம் நமக்கு வரட்டும்'னாரு. ரெண்டு வாரமாப் பழகினேன் சார். அசையாம நில்லுங்க மாமான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்..."

"அப்புறம் ஏன் இப்படிப் பாஞ்சுது?"

மச்சினர் வக்கீலம்மாவைக் கை காட்டினான்.

"இந்தம்மா 'ஆம்புலன்ஸ நிறுத்தினது நீங்கதானே'ன்னாங்க. பொறுக்க முடியல அவருக்கு. 'இல்ல, நீங்கதான்'னு சடார்னு திரும்பிட்டாரு! நான் விசைய அழுத்திட்டேன்..."

பயில்வான் உறுமினார். மைக் கம்பத்தைப் பிடுங்கி மச்சினரின் தாடையில் ஓங்கி இறக்கினார். எலும்பு நொறுங்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. இரண்டாவது அடி விழுவதற்குள் மூன்று கான்ஸ்டபிள்கள் அவர் மேல் விழுந்து அமுக்கினார்கள்.

தலைவர் கண் விழித்தார்.

"வண்டி... வந்துடுச்சா?"

"வண்டியே இல்ல சார்," இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "இத்தன திட்டம் போட்டீங்களே, ஷெட்டத் திறந்து ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா? போன மாசம் வண்டிய நிறுத்தினது நீங்கதானே?"

தலைவரின் முகத்தில் வலி இல்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

"நானா? அதெல்லாம் சும்மா... அவங்க கிளப்பிவிட்ட புரளி. நிறுத்தினது... அவங்க ஆட்சி. வேற வண்டி நான் விட்டுட்டேனே... எல்லாக் கூட்டத்துலயும் சொன்னேனே..."



ஊரில் ஒருவரும் நம்பாத அந்தப் பேச்சை ஒரே ஒரு ஆள் நம்பியிருக்கிறார். பேசியவர்!

தலைவரின் வலது கை எழுந்தது. ஆள்காட்டி விரல் எதிர்க்கட்சி வரிசையை நோக்கி நீண்டது.

"அவங்கதான்..."

உள்ளங்கைக்குக் கீழே துடிப்பு தேய்ந்தது. நின்றது.

இன்ஸ்பெக்டர் மெல்லக் கையை எடுத்தார். முழங்கை வரை சிவப்பு.

வெளியே பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் ஊளையிட்டபடி, எரியும் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் ஒருவழியாக வந்து நின்றது. ஏற்ற வேண்டிய ஆள்தான் மாறிவிட்டார். தாடை தொங்கிய மச்சினரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துகொண்டு நெருங்கி வந்தார்.

"சார்... சாவுக்குக் காரணம் யாருன்னு எழுதறது?"

இன்ஸ்பெக்டர் சுவரொட்டியின் பின்பக்கத்தில் கையைத் துடைத்தார்.

"இப்போதைக்கு இடம் விட்டு வைய்யா. தேர்தல் முடியட்டும்... தோத்தவன் பேர எழுதிக்கலாம்!"