கழுத்துக்குள் ஒரு நடை

"அப்பா, உங்க கழுத்துக்குள்ள யாரு நடக்கறாங்க?"

மகள் பெனிஷா தோளில் சாய்ந்தபடி அப்படிக் கேட்டபோது அருள்ஜோசப் சிரித்துவிட்டான். ஓசூர் சலூனில் முடிவெட்டியபின், வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துக்கொண்டதிலிருந்து காதோரம் உஸ், உஸ் என்று இரைச்சல். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். தொடை வழியாகக் குழாய் செலுத்தி ஸ்டென்ட் வைத்தார்கள். இரைச்சல் நின்றது.

வீடு திரும்பிய பிறகு ஒரு மழைச் சாயங்காலம், மனைவி ஜெயசெல்வி பிள்ளையோடு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், தகரக் கூரையில் விழும் தூறலுக்கும் தெருமுனைப் பட்டறையின் கிரைண்டர் ஓசைக்கும் அடியில், ஈரமண்ணும் இரும்புத்தூளும் கலந்த வாசனை ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கையில், கழுத்துக்குள் ஏதோ தொடங்கியது.

இரைச்சல் இல்லை. ஓர் அடி அழுத்தமாக. மறு அடி இழுத்து.

நாடியைத் தொட்டுப் பார்த்தான். அது சீராக ஓடியது. காலடி தனியாக நடந்தது.

அந்த நடையை அவன் அறிவான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெருமாள், ஜவளகிரிக்காரர். ராகிக் கொல்லையில் யானை துரத்தி விழுந்ததிலிருந்து காலை இழுத்து நடப்பவர். நெஞ்சடைப்புக்கான ஆஞ்சியோவுக்காகக் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தார். அவர் முறை வந்தபோது அருளின் இடக்கை திடீரென்று துவண்டு தொங்கியது. குழாய் செலுத்த இருந்ததோ ஒரே அறை.

"இந்தத் தம்பிய மொதல்ல கூட்டிட்டுப் போங்க. ஆனைக்கே தப்பிச்சவன் நானு. இன்னும் கொஞ்ச நேரம் தாங்க மாட்டனா?" என்றார் பெருமாள். ஸ்ட்ரெச்சர் நகரும்போது மெல்லச் சொன்னார்: "நாக்கு வறளுதுப்பா. எனக்கும் முடிஞ்சதும் ஒரு வாய் தண்ணி குடு."

"நானே குடுக்கறேங்கய்யா."

அருளை வெளியே கொண்டுவந்தபோது, பெருமாளின் உடம்பை எடுத்துப் போய், அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

காலடி இப்போது தாடைவரை ஏறியது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதோ? பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. போனை எடுத்தான். டாக்டரின் எண்ணைத் தேடினான்.

நடை நின்றது.

காதுக்கு மிக அருகில், உலர்ந்த நாக்கு ஒன்று அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

அவனுக்குப் புரிந்தது. போனை வைத்தான். சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"குடிங்கய்யா."

டம்ளரில் தண்ணீர் மட்டம் இறங்கியது.

அருள் உதடுகளை இறுக மூடியிருந்தான். அவன் தொண்டையில், மடக். மடக்.

டம்ளர் காலியானது.

கழுத்துத் தோலுக்கு அடியில் ஐந்து விரல்கள் புடைத்தெழுந்து, குளிர்ச்சியாக, அன்பாக, அவனைத் தடவிக் கொடுத்தன.